பாதி இழுத்த வலை

“...இஞ்ச வராது எண்டு நீதானே தம்பி சொன்னனீ, பிறகென்ன? இழுங்கோடா.”

சில வருடங்களுக்கு முன் ஒரு பின்னேரம், பேசாலைக் கரையில், கரைவலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியார் சொன்னது இது. வலை கடலில், அதன் இரு முனைக் கயிறும் கரையில் எங்கள் கையில். பக்கத்துக்குப் பதினைந்து பேர். சுமத்திராப் பக்கம் கடலுக்கடியில் பெரிய நிலநடுக்கம் என்று யாரோ கைபேசியில் கேட்டுச் சொல்ல, நான் வாயைத் திறந்தேன்.

எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். ஆனால் கிடைக்கிற பேப்பரையெல்லாம் வாசிப்பேன். வாசித்ததைச் சொல்லாமல் இருக்கவும் மாட்டேன். பூமியின் மேலோடு பெரிய பெரிய தட்டுகள், அங்கே ஒரு தட்டு மற்றதுக்குக் கீழே நுழைகிறது, இரண்டும் வருடக்கணக்காக இறுகி நின்று ஒருநாள் துள்ளி விடுபடும், அப்போது கடலும் எழும்பும் என்றெல்லாம் அளந்தேன்.

“அது கிழக்குக் கரைக்குத்தான், நாங்கள் மற்றப் பக்கம். போன சுனாமியிலயும் எங்களுக்கு ஒண்டும் நடக்கேல்லைத்தானே.”

“இவர் கீழ போய்ப் பாத்திட்டு வந்தவர்” என்று பக்கத்தில் நின்றவன் நக்கலடித்தான். ஆனாலும் நம்பினார்கள்; சம்மாட்டியார் இழுக்கச் சொன்னதும் அதை வைத்துத்தான்.

கொஞ்ச நேரத்தில் ஒலிபெருக்கி கட்டிய ஜீப் வந்தது. உடனே கரையை விட்டுப் போகச் சொன்னார்கள். பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கோயில் பக்கம் ஓடினார்கள். அதைப் பார்த்தும் எங்களில் ஒருவரும் கயிற்றை விடவில்லை. சம்மாட்டியார் நிற்கும்போது யார் முதலில் விடுவது?

அவர் என்னிடம் வந்தார்.

“இப்ப சொல்லு. வருமோ, வராதோ?”

எல்லாரும் என்னையே பார்த்தார்கள்.

“தெரியாது அண்ணை.”

அவர் இடுப்புக் கத்தியை எடுத்துத் தண்ணீர் ஓரமாகப் போய்க் கயிற்றை வெட்டினார். இறுகி நின்றது விடுபட்ட வேகத்தில் பதினைந்து பேரும் மணலில் மல்லாந்து விழுந்தோம். பேப்பரில் படித்தது என்னவென்று அந்த விழுகையில்தான் எனக்கு விளங்கியது. மற்றப் பக்கத்தாரும் விட்டார்கள். ஓடினோம்.

அலை வரவில்லை. மறுநாள் தேடிப் பிடித்தபோது அரைவாசி வலைதான் மிஞ்சியிருந்தது.

‘வராது’ என்று நான் அடித்துச் சொன்னதை விட்டுவிட்டு, ‘தெரியாது’ என்று சொன்னதற்காகத் தன் வலையையே வெட்டிவிட்ட மனிதர் அவர். இன்றும் எதையாவது நிச்சயமாகச் சொல்ல வாயெடுத்தால், அந்தக் கத்தி கயிற்றில் இறங்குவது கண்ணில் தெரிகிறது.