பாதித் தோட்டத்து வெயில்

பெயர் அமாவாசை, பிழைப்போ மலைக்கு வெளிச்சம் விடுவது. விடிகாலையில் போடியில் ஜீப்பு ஏறினால், மேலே ஏலத்தோட்டத்து நிழல்மரங்களில் ஏறிக் கிளை கழித்துவிட்டுச் சாயங்காலம்தான் இறங்குவார். பெயரையும் தொழிலையும் சேர்த்து ஊரே கேலி பேசும். அவரும் கூடச் சிரிப்பார்.

ஒரேயொரு பேச்சுக்கு மட்டும் சிரிப்பு வராது. பத்து வருடத்துக்கு முன் ஆர்வக்கோளாறில் காசிராஜன் தோட்டத்து மரங்களை மொட்டையடித்துவிட்டார். அந்தக் கோடையில் செடி அத்தனையும் வெயிலில் கருகிப் போனது. மறுநடவு செய்த காசிராஜன், அதன்பின் ஒரு கிளையைக்கூட யாரையும் தொடவிடவில்லை.

இப்போது அங்கே பட்டப்பகலிலும் இருட்டு. செடி ஆளுயரத்துக்கு மேல் கொழுகொழுவென்று நிற்கிறது. காய் மட்டும் இல்லை. மூட்டை மூட்டையாக உரம் போட்டுப் பார்த்து அலுத்த காசிராஜன், எல்லாவற்றையும் பிடுங்கி எறியப் போவதாகச் சொன்னார். அமாவாசைக்கு மனசு கேட்கவில்லை. கூப்பிடாமலே போய் நின்றார்.

"அண்ணே, உரங்கிறது உப்பு, புளி மாதிரி. சமைக்கிறது இலை. அதுக்கு வெயிலுதான் அடுப்பு. அடுப்ப அணைச்சுப்புட்டு மளிகைய இறக்குனா சோறு வேகுமா?"

"தண்ணி குறையில்லாம விடுறேனப்பா."

"தண்ணியும் இருக்கு, காத்தும் இருக்கு. தீ இல்லையே! இந்த இருட்டுல இலை ஆக்குறது அது உடம்புக்கே சரியாப்போகுது. காய்க்கு எதைக் குடுக்கும்?"

"போன தடவ நீ மூட்டுன தீ பத்தாதா மாப்ளே?"

அமாவாசையின் முகம் செத்துப்போனது. ஆனாலும் நகரவில்லை. "பாதித் தோட்டத்த மட்டும் விடுங்கண்ணே. இந்தத் தடவையும் தப்புனா, இந்த மலையில இனி மரமே ஏற மாட்டேன்."

வேறு தொழில் தெரியாத மனுஷன் சொன்ன வார்த்தை அது. காசிராஜன் சரியென்று தலையாட்டினார்.

ஒரு நாள் வேலைக்கு நான்கு நாள் எடுத்தார் அமாவாசை. இரண்டு கிளை கழிப்பார், இறங்கி வந்து தரையைப் பார்ப்பார், மறுபடி ஏறுவார். வெயிலும் நிழலும் கலந்து தரையில் விழுந்த பிறகுதான் அரிவாளை இடுப்பில் செருகினார்.

அடுத்த வருடம் மழை ஓய்ந்ததும், வெரசா வரச் சொல்லி காசிராஜனிடமிருந்து ஆள் வந்தது. அமாவாசை அரிவாளைக்கூட எடுக்காமல் ஜீப்பு ஏறினார். காசிராஜன் அவரை அந்தப் பாதிக்குள் கூட்டிப்போய், குனிந்து, ஒரு செடியின் அடியை விலக்கிக் காட்டினார். சரம் சரமாகப் பச்சைக் காய். அடுத்த செடியிலும் அப்படியே.

அமாவாசை அங்கேயே தரையில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார்.

"அழுதது போதும் மாப்ளே," என்றார் காசிராஜன். "மிச்சப் பாதிக்கு எப்ப ஏறப் போற?"