கதாநாயகனின் சம்பளமும் என் வயிற்றெரிச்சலும்

படகோட்டிக்குக் கடல் வயிற்றைப் புரட்டாது. படகில் ஏறுகிறவர்களின் வருமானம்தான் புரட்டும். ஆலங்குடாவில் டொல்பின் பார்க்க ஆட்களை ஏற்றுகிற நான் பட்ட பாட்டைக் கேளுங்கள், என்னைப்போல் வயிறெரிகிற சகோதரர்களே.

சப்பாத்து

இந்தியாவிலிருந்து படம் பிடிக்க வந்தார்கள். கதாநாயகனுக்குக் கோடிக்கணக்கில் சம்பளம், அதற்கு மேல் வசூலிலும் பங்கு என்று அவருடைய மேனேஜர் பெருமையடித்தார். எனக்கு நாள் வாடகை; எண்ணெய்ச் செலவும் என் தலையில்தான். அந்தக் கோடீஸ்வரரை முழங்கால் தண்ணீரில் முதுகில் சுமந்து படகில் ஏற்றினேன். எனக்கு இடுப்பு முறிகிறது, மேனேஜருக்கோ வேறு கவலை:

"பார்த்துப்பா, சார் ஷூ நனைஞ்சிடப் போகுது!"

குதிப்பு

கதாநாயகன் நடுக்கடலில் குதித்துக் கதாநாயகியைக் காப்பாற்ற வேண்டும். அந்தக் கோடீஸ்வரரோ வாந்தியெடுத்துச் சுருண்டு படுத்துவிட்டார். அவருடைய சட்டையை மாட்டிக்கொண்டு என் படகில் வேலை செய்யும், அண்ணன் முறையில் என்னை 'நானா' என்றழைக்கும் ரிஸ்லான் குதித்தான். சரிவரவில்லை என்று திரும்பத் திரும்பக் குதிக்கவைத்தார்கள். கடைசியில் சட்டையையும் கழற்றி வாங்கிக்கொண்டு, குதித்ததற்கென்று என் கையில் கொஞ்சம் காசு வைத்தார்கள். இவ்வளவுதானா என்று சண்டைக்குப் போனேன். மேனேஜர் சிரித்தார்.

"படம் ஓடறது சார் மூஞ்சிக்குப்பா. உங்க ஆள் முதுகுக்கா ஓடுது?"

வீட்டிலும்

படம் வந்தது. அந்தக் குதிப்பைப் பார்த்து என் மனைவி பரீதா வாயில் கைவைத்தாள். அது நம்முடைய ரிஸ்லான் என்று சத்தியம் பண்ணினேன். போனில் திரும்பவும் ஓட்டிக் காட்டினேன். என் வீட்டிலேயே அந்தக் கதாநாயகனுக்கு இந்த மவுசு என்றால் எனக்குச் சோறு இறங்குமா?

"சும்மா இரிங்க. அந்த மனிசன் எவ்வளவு வடிவாக் குதிக்கிறாரு! ஒங்களுக்குப் பொறாம."

பங்கு

ஒருவன் குதிக்க இன்னொருவன் அள்ளுவது என்ன நியாயம் என்று கரையில் கண்டவரிடமெல்லாம் குமுறினேன். நான் நியாயஸ்தன். எங்கள் கரை வழக்கப்படி எது கிடைத்தாலும் படகுக்குப் பாதி, வேலை செய்தவனுக்குப் பாதி. படகு என்னுடையது. குதித்த காசையும் ரிஸ்லானுக்கு அப்படித்தான் பிரித்துக் கொடுத்தேன். அவன் என்ஜினைத் துடைத்தபடி என் குமுறலை முழுவதும் கேட்டுவிட்டு, நிமிராமலே கேட்டான்:

"நானா, அண்டைக்கி நான்தானே குதிச்ச? படகு குதிக்கல்லயே!"

இப்போதெல்லாம் நடிகர்களின் அநியாயச் சம்பளத்தைப் பற்றி, ரிஸ்லான் பக்கத்தில் இல்லாத நேரத்தில் மட்டும்தான் கதைக்கிறேன்.