மூலாதாரமும் என் தம்பியின் மூலமும்

என் தம்பி இருபத்தாறு வருஷமாகப் பேருந்து ஓட்டுகிறான். பணிமனையில் அவனுக்குக் கல்லுளிமங்கன் என்று பட்டப்பேர். யார் வைத்தார்களோ, அவர்கள் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும். சின்ன வயதில் கண்ணாடிச் சில்லு குத்தி மூன்று நாள் நொண்டினான். என்னடா என்று கேட்டால், "இப்படி நடந்தா நல்லாயிருக்குக்கா" என்றான். ஊசியை வைத்து எடுத்தவள் நான்தான். அன்று ஆரம்பித்த வேலை, இன்னும் முடியவில்லை.

அவன் மனைவி மகளின் பிரசவத்துக்கு வெளியூர் போனதால், அவனுக்குச் சோறு போடுவதும் துணி துவைப்பதும் என் தலையில் விழுந்தது. நாற்காலியில் ஒரு பக்கமாகச் சாய்ந்தே உட்கார்ந்தான். துணி துவைக்கிறவளிடம் எதை மறைக்க முடியும்?

"மூலமாடா?"

"சூடுக்கா. தண்ணி குடிச்சா போயிடும்."

"மருத்துவர்கிட்ட போ."

"அங்க போய் எப்படிக்கா காட்டுறது?"

ஐம்பத்திரண்டு வயது, பேரன் பிறக்கப் போகிறான், வெட்கத்தைப் பாருங்கள்.

பத்து நாள் கழித்து முகம் மலர வந்தான். பணிமனை வாசலில் ஒரு விளம்பரத் தட்டி கட்டியிருக்கிறார்களாம். "மூலத்துக்கு ஆதாரமா ஒரு வகுப்பு நடக்குதுக்கா. எதையும் காட்ட வேண்டாம். உட்கார்ந்தா போதுமாம்" என்றான். எனக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. படித்தவன் சொல்கிறானே என்று நம்பினேன். இருந்தாலும், உட்கார முடியாதவனுக்கு உட்காருவதே வைத்தியமா என்று அப்போதே கேட்டேன்.

இரண்டு மாதம் போனான். வீட்டிலும் சுவர் ஓரமாகக் கண்ணை மூடிக்கொண்டு "லம், லம்" என்று முனகுவான். உடம்புக்குள் ஏழு சக்கரம் இருக்கிறதாம். முதுகுத்தண்டின் அடியில் ஒன்று, உச்சந்தலையில் ஒன்று, நடுவில் ஐந்து. அடியில் இருப்பது நாலு இதழ்த் தாமரை, சிவப்பு நிறமாம்.

"சிவப்புன்னு எனக்கு வாளியிலயே தெரியுது" என்றேன்.

ஆள் வெளுத்துக்கொண்டே வந்தான். ஒருநாள் சாப்பிடும்போது வாய் தவறி, "சீட்ல ஏறி உட்கார்ந்தா கண்ணு இருட்டுதுக்கா" என்றான். அவன் முதுகுக்குப் பின்னால் ஐம்பது பேர் உட்கார்ந்து வருகிறார்களே. மறுநாள் நானும் வகுப்புக்குக் கிளம்பிவிட்டேன்.

பல் வைத்தியசாலைக்கு மேல்மாடி. பன்னிரண்டு பேர் பாயில் இருந்தார்கள். சொல்லிக்கொடுக்கிற பெண்ணுக்கு என் மகள் வயது இருக்கும், நல்ல குரல்.

"கவனத்தை முழுக்க மூலாதாரத்துல வையுங்க" என்றாள்.

"எட்டு மாசமா அங்கதாங்க இருக்கு" என்றான் என் தம்பி.

"பாருங்க, இவரைப் பார்த்துக் கத்துக்குங்க" என்று அவள் மற்றவர்களிடம் சொன்னாள். அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. வகுப்பு முடிந்ததும் அவளை ஓரமாக அழைத்து விஷயத்தைச் சொன்னேன். அவள் முகம் மாறிவிட்டது. தம்பியைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, மூலாதாரம் வேற, மூலம் வேற. இது கண்ணுக்குத் தெரியாத சக்கரம். உங்களுக்கு இருக்கிறது நோய். முதல்ல மருத்துவரைப் பாருங்க."

"அப்போ ரெண்டு மாசம் உட்கார்ந்தது?"

"அது மனசுக்கு நல்லதுண்ணே."

"மனசுக்கு எனக்கு ஒண்ணும் இல்லையேம்மா."

படியில் இறங்கும்போது மெதுவாக, "அதுக்கு மேல உள்ள சக்கரத்துல ஏதாவது..." என்று இழுத்தான். நான் நின்றுவிட்டேன். "இப்பவே என்கூட வா. இல்லன்னா பணிமனைக்கு வந்து உங்க மேலாளர்கிட்ட அந்த வார்த்தையைச் சத்தமா சொல்லுவேன்." என்னை அவனுக்குத் தெரியும். வந்தான்.

பதிவு மேசையில் தம்பி வேலை, பணிமனை எல்லாம் சொல்லி வாங்கிய சீட்டைப் பார்த்துவிட்டு, மருத்துவர் பேனாவைத் திறந்துகொண்டு, "என்ன தொந்தரவு?" என்றார்.

"மூலாதாரம் கொஞ்சம் சரியில்லைங்க."

"எது?"

அவன் மின்விசிறியைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். நாக்கு நுனி வரை வந்துவிட்டது எனக்கு. பல்லைக் கடித்துக்கொண்டேன். இவனுக்காக நான் பேசிப் பேசியே இவன் வாய் துருப்பிடித்துப் போயிற்று, அதில் என் தப்பும் உண்டு. சுவரில் தொங்கிய நாட்காட்டியை வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மருத்துவர் இரண்டு முறை மணி பார்த்தார்.

"மூலங்க" என்றான் கடைசியில். "எட்டு மாசமா. ரத்தம் போகுது. தலை சுத்துது."

மருத்துவர் தலைகூட நிமிரவில்லை. "ரத்தம் ரொம்பக் குறைஞ்சிருக்கும். இன்னைக்கே ஆஸ்பத்திரியில சேர்ந்துடுங்க. பரிசோதிச்சுட்டு அறுவை சிகிச்சை செய்ய வேண்டியிருக்கும். நான் சொல்ற வரைக்கும் வண்டி தொடக்கூடாது. இதுக்கா இவ்வளவு வெட்கம்? காலையிலேருந்து நீங்க அஞ்சாவது ஆள். முன்னாடி வந்த நாலு பேர்ல மூணு பேர் உங்க பணிமனை ஓட்டுநருங்க."

தம்பி என் பக்கம் திரும்பினான். அவன் முகத்தில் அவ்வளவு கோபத்தை நான் பார்த்ததே இல்லை.

"மூணு பேராம்க்கா. ஒருத்தன்கூட வாயைத் திறக்கல பாரு."