சாப்பிட்டுத்தான் வந்தார்

காற்றாலைகளுக்கு நான் எதிரி இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் வாயைத் திறந்தாலே, அப்படியானால் நிலக்கரிப் புகைதான் உங்களுக்குப் பிடிக்குமா என்று கேட்க யாராவது வந்துவிடுகிறார்கள். கடலில் காற்றாலை நட்டு மின்சாரம் எடுப்பது நல்ல காரியம்தான். அதற்கான இரும்பை எங்கே, யார் செய்கிறார்கள் என்று மட்டும் கேட்கக்கூடாது என்கிறார்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஹுத்தான் மெலிந்தாங் என்ற ஊரைத் தாண்டி ஆற்றோரத்தில் இருந்த ஓர் இரும்புக் கட்டுமான யார்டில் மூன்று வருடம் சேஃப்டி ஆபீசராக வேலை பார்த்தேன். வீடு ஈப்போவில். திங்கட்கிழமை காரில் போனால் சனிக்கிழமை மதியம்தான் திரும்புவேன். வேறொரு நாட்டுக் கடலுக்காக அங்கே பெரிய இரும்புக் குழாய்கள் செய்தோம். கடலடியில் அடிக்கும் தூணுக்கும் மேலே நிற்கும் காற்றாலைக் கோபுரத்துக்கும் நடுவே வருபவை. மூன்று மாடி உயரம், வெளியே பளீரென்ற மஞ்சள் பெயிண்ட்.

வேலை கொடுத்த வெளிநாட்டுக் கம்பெனி ஒரு தடித்த புத்தகம் அனுப்பியிருந்தது. தூண் அடிக்கும் சத்தத்தில் டால்பின்களுக்குக் காது போய்விடாமல் இருக்கச் சுற்றிலும் காற்றுக்குமிழிகளால் திரை போட வேண்டும், பறவைகள் வலசை வரும் மாதங்களில் இந்த வேலை கூடாது என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள். படித்தபோது மரியாதையாகத்தான் இருந்தது. ஆனால் எங்கள் யார்டில் துரு உரிக்கப் பீய்ச்சியடித்த மணலின் தூசு, மழை பெய்தால் கால்வாய் வழியே ஆற்றுச் சேற்றுக்குப் போனது. அதே சேற்றில்தான் சிலர் சிப்பி பொறுக்கினார்கள். அவர்களைப் பற்றி அந்தப் புத்தகத்தில் ஒரு வரி இல்லை. குழாய்க்குள் இறங்கிப் பெயிண்ட் அடிப்பவர்களைப் பற்றியும் இல்லை.

அப்படி அடித்தவர்களில் ஒருவர் ஐம்பதைத் தாண்டியவர். ரப்பர் தோட்டத்தில் பிறந்து, தோட்டத்தை விற்றபின் ஈப்போவில் அடுக்குமாடி வீட்டுக்கு வந்தவர். நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னைத் தங்கச்சி என்பார். குழாய்க்குள் பெயிண்டில் கலக்கும் தின்னர் வாடை தலையைச் சுற்ற வைக்கும். அதனால் நல்ல காற்றை உள்ளே தள்ள ஒரு புளோவர், கெட்ட காற்றை வெளியே இழுக்க ஒரு புளோவர், இரண்டும் ஓடினால்தான் இறங்கலாம். வெளியிலிருந்து குழாய் வழியாகக் காற்று வரும் முகமூடி வேண்டும் என்று இரண்டு வருடத்தில் ஆறு முறை எழுதிக் கேட்டிருந்தேன். வரும் வரும் என்றார்கள்.

முதல் குழாயைக் கப்பலேற்றும் விழா வந்தது. அன்று காலை எட்டு மணிக்கு, அண்ணன் இறங்கவிருந்த அடுத்த குழாயில் இரண்டு புளோவரும் ஓடுவதைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே இறங்குவதற்கான பெர்மிட்டில் கையெழுத்துப் போட்டேன். பத்து மணிக்கு விருந்தாளிகளின் கூடாரத்தில் எல்லாரோடும் வரிசையில் நின்றேன். நல்ல வெயில், ஆனால் கூடாரத்துக்குள் ஜில்லென்று காற்று வந்தது. திரும்பிப் பார்த்தேன். மேடைக்குப் பக்கத்தில் பெரிய புளோவர் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அதன் கைப்பிடியில் மாதச் சோதனை அட்டை. அட்டையில் என் கையெழுத்து. காலையில் அண்ணனின் குழாயில் ஓடிய அதே புளோவர்.

நான் ஓடினேன். போய்ச் சேர்வதற்குள் குழாய் வாசலில் காவல் நின்ற நேப்பாளப் பையனும் இன்னொருவரும் அண்ணனைக் கயிற்றால் இழுத்து வெளியே போட்டிருந்தார்கள். உதடு நீலம் பாரித்திருந்தது. வாந்தி எடுத்தார், பிறகு கண் திறந்தார். கூடாரத்தில் கைதட்டும் சத்தம் கேட்டது.

மதியம் மேனேஜர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். அவரும் தமிழர்தான். கத்தவில்லை, மிரட்டவில்லை. விபத்தைப் பற்றிய முதல் ரிப்போர்ட்டை உடனே அனுப்ப வேண்டும் என்றார்.

"காலைல சாப்பிடாம வந்தாரு, மயங்கிட்டாருன்னு போடுமா. அதுல யாருக்கும் கஷ்டம் இல்ல."

நான் அதை டைப் அடித்தேன். மறைக்க மாட்டேன். சண்டை போடத் தெம்பு இல்லை, பிறகு திருத்திக்கொள்ளலாம் என்று நினைத்தேன். என் விரல்தான் அடித்தது.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அண்ணன் மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு தூங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவர் மனைவி. கம்பெனியிலிருந்து யாரோ அந்த ரிப்போர்ட்டைப் போனில் அனுப்பியிருக்கிறார்கள். அவர் அதை என்னிடம் நீட்டினார்.

"நான் ஈப்போலேந்து வந்து அவரோட ரூம்லதான் ஒரு வாரமா தங்கியிருக்கேன். அன்னிக்கு நாசி லெமாக் சோறு ஆக்கி வச்சேன், என் கண்ணு முன்னாடிதான் சாப்டாரு. முட்டைகூட ரெண்டு வச்சேன் லா. இத எந்தக் கிராணி எழுதுனது?"

கிராணி என்பது தோட்டத்துக் கணக்கெழுத்தர். அவர்கள் எழுதுவதுதான் தோட்டத்தில் உண்மை. நான்தான் எழுதினேன் அக்கா என்றேன். அவர் என்னைத் திட்டவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு கணவரின் போர்வையைச் சரிசெய்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

காரில் உட்கார்ந்து நெடுநேரம் அழுதேன். பிறகு அழுகை போய்க் கோபம் வந்தது. ஒரு ஆளின் மூச்சை எடுத்து விருந்தாளிகளுக்கு விசிறிவிட்டு, பழியை அவர் வீட்டு அடுப்பில் போட்டிருக்கிறோம். அதற்கு நானும் கை கொடுத்திருக்கிறேன்.

அன்று மாலையே இரண்டாவது ரிப்போர்ட் எழுதினேன். புளோவரை எத்தனை மணிக்கு எடுத்தார்கள், யார் சொல்லி எடுத்தார்கள், முகமூடிக்காக நான் எழுதிய ஆறு கடிதங்கள், முதல் ரிப்போர்ட் பொய் என்பது, அதை எழுதியது நான் என்பது, எல்லாம். மேனேஜரிடம் ஒரு பிரதி கொடுத்துவிட்டு, தொழிலாளர் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசாங்க அலுவலகத்துக்கும் அனுப்பினேன். மேனேஜர் வருத்தத்தோடு, உனக்கு இனி எந்த யார்டிலும் வேலை கிடைக்காது என்றார்.

அதிகாரிகள் வந்தார்கள். வேலை நின்றது. ஒரே வாரத்தில் காற்றுக்குழாய் முகமூடிகள் வந்து இறங்கின. அவற்றைப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. ஒரு வாரத்தில் வரக்கூடியவை இரண்டு வருடமாக எங்கே இருந்தன? என் ஒப்பந்தம் முடிந்தது, புதுப்பிக்கவில்லை. அண்ணன் ஐந்து நாளில் வீடு திரும்பினார். இப்போது ஈப்போவில் ஒரு கடையில் ஜாகா வேலை, காவலுக்கு நிற்கிறார். தலைவலி விடவில்லை. அவர் மனைவி என்னோடு பேச நான்கு மாதம் ஆயிற்று.

போன மாதம் அந்த வெளிநாட்டுக் கம்பெனி இணையத்தில் ஒரு படம் போட்டிருந்தது. நீலக் கடலில் வரிசையாக எங்கள் மஞ்சள் குழாய்கள், மேலே வெள்ளை இறக்கைகள். ஒரு விபத்துகூட இல்லாமல் கட்டி முடித்தோம், கடல்வாழ் உயிர்களுக்குத் தீங்கு இல்லை என்று கீழே எழுதியிருந்தது. நடந்ததைச் சொல்லி நான் கடிதம் போட்டேன். தங்கள் அக்கறைக்கு நன்றி என்று இரண்டு வரிப் பதில் வந்தது.

அந்தப் பதிலை அண்ணனிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தார்.

"இன்னொன்னு எழுதுங்க தங்கச்சி. இந்த வாட்டி என் பேரப் போட்டே எழுதுங்க. ஐசி அடையாளக் கார்டுல உள்ளபடி முழுசா."

நேற்று எழுதினேன். முதல் வரியிலேயே அவர் பெயர்.