கட்டாத துப்பாக்கி

வங்கிகளுக்குப் பணம் கொண்டுபோகும் வண்டியில் காவலுக்கு வந்த முதல் பெண் அவள். வந்த மாதமே கூட வேலை செய்பவர்கள் கறார்க்காரி என்று பெயர் வைத்துவிட்டார்கள். வண்டிக் கதவைப் பூட்டுவாள், இழுத்துப் பார்ப்பாள், இன்னொருவரையும் இழுத்துப் பார்க்கச் சொல்வாள். இப்படிப்பட்டவளோடு வேலை பார்ப்பது தலைவலிதான். ஆனால் உயிரை ஒப்படைக்க ஓர் ஆள் வேண்டுமென்றால் அவளைத்தான் தேட வேண்டும்.

அவர்களுக்குக் கொடுத்திருந்த கைத்துப்பாக்கியில், பிடியின் முதுகுப்பக்கம் ஒரு சின்ன இரும்புப் பட்டை உண்டு. உள்ளங்கை அதை நன்றாக அழுத்தினால்தான் விசை வேலை செய்யும். கிரிப் சேஃப்டி என்பார்கள். ஒருநாள் அவள் துப்பாக்கியை உறையில் செருகும்போது மேல்சட்டையின் கயிறு விசையில் மாட்டி இழுத்தது. கை பிடியை இறுக்கியிருக்கவில்லை, அதனால் வெடிக்கவில்லை. எதிரே இருந்தது வண்டி ஓட்டுகிறவரின் முழங்கால்.

வம்பும் அந்தப் பட்டையில்தான் இருந்தது. கட்டைவிரலை உயரத் தூக்கிப் பிடிப்பது அங்கே எல்லோருக்கும் பழக்கம். அப்படிப் பிடித்தால் உள்ளங்கை குழிந்து பட்டையை விட்டு விலகிவிடும். துப்பாக்கி ஊமையாகிவிடும். அவளுடையதோ சின்னக் கை. ஆண்டுத் தேர்வில் பாதிக் குண்டுகள் கிளம்பவே இல்லை. மறுவாரமும் தவறினால் வேலை போய்விடும் என்றார் அதிகாரி. கணவர் முதுகில் அறுவைசிகிச்சை முடிந்து படுத்துக் கிடந்தார். வீட்டில் அடுப்பு எரிவதே அவள் சம்பளத்தில்தான்.

"ரெண்டு சுத்து டேப்பு சுத்திடு தங்கச்சி. பட்டை அழுந்தியே இருக்கும். கறுப்புப் பிடியில கறுப்பு டேப்பு, யார் கண்ணுல படப்போகுது? நாங்க எல்லாரும் அப்படித்தான்" என்றார் வண்டி ஓட்டுகிறவர்.

"வேண்டாம்ணே. அப்புறம் கயிறு இழுத்தாலும் வெடிக்கும்."

வீட்டில் கணவரும் அதையே சொன்னார்: "ஒரு டேப்புதானே, சுத்திட்டுப் போயேன்."

"எதிர்ல உங்க முழங்கால் இருந்தா சுத்தச் சொல்லுவீங்களா?"



அந்த வாரம் முழுக்க, வேலை முடிந்ததும் ஆயுத அறையில் வெறும் துப்பாக்கியை வைத்துக்கொண்டு கட்டைவிரலைத் தாழ்த்திப் பிடித்துப் பழகினாள். பாவம், மணிக்கட்டு வீங்கியதுதான் மிச்சம். தேர்வில் கிளம்பிய குண்டெல்லாம் குறியில் பாய்ந்தது. ஆனால் மூன்று கிளம்பவில்லை.

"மத்தவங்க எல்லாம் சுடறாங்களே! உனக்கு மட்டும் என்னம்மா கேடு?" என்று அதிகாரி சீறினார்.

பின்னால் மற்றவர்கள் டேப் சுற்றிய துப்பாக்கிகளோடு நின்றார்கள். ஒரு வார்த்தை சொன்னால் அவள் தப்பித்துவிடுவாள். அவர்கள் அத்தனை பேரும் மாட்டிக்கொள்வார்கள்.

"பட்டை என் கைக்கு அழுந்தல சார். அதைக் கொஞ்சம் மேடாக்கிக் குடுங்க, சுட்டுக் காட்டறேன்" என்றாள். டேப்பைப் பற்றி ஒரு சொல் இல்லை.

"உன் ஒருத்திக்காகத் துப்பாக்கிய மாத்தணுமா? சாமானை ஒப்படைச்சிட்டுக் கிளம்பு."

அவள் இடுப்புப் பட்டியைக் கழற்றத் தொடங்கினாள். அப்போது வண்டி ஓட்டுகிறவர் முன்னே வந்து, டேப் சுற்றிய தன் துப்பாக்கியை மேசைமேல் வைத்தார்.

"எனக்கும் சுத்தாம வெடிக்காது சார்."

பிறகு இன்னொருவர் வைத்தார். அவர் பின்னால் இன்னொருவர். மேசை நிறைந்துவிட்டது. அதிகாரி ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பிப் பார்த்தார். அவளை அனுப்புவதானால் அத்தனை பேரையும் அனுப்ப வேண்டும். விடிந்தால் ஒரு வண்டியும் வெளியே போகாது. கடைசித் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு, பட்டையை எவ்வளவு மேடாக்க வேண்டும் என்று அவளிடமே கேட்டார்.