மதிலடியில் வைத்த கோடிச் சேலை

கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் பழைய வீட்டுத் தெருமுனையில் ஒரு மதில் இருக்கிறது. மெழுகுவர்த்திப் புகை ஏறி ஏறி அதன் அடிப்பக்கம் விறகடுப்புச் சுவர் மாதிரிக் கறுத்திருக்கும். எப்போது போனாலும் அதன் முன்னால் ஒரு மெழுகுவர்த்தி எரியும்; பக்கத்தில் ஒரு சுருட்டு, வாழையிலைத் துண்டில் அவித்த முட்டையோ பொரித்த மீனோ இருக்கும். எல்லாம் கப்பிரி முத்தப்பனுக்கு. கப்பிரி என்றால் எங்கள் ஊர்ப் பேச்சில் ஆப்பிரிக்கக் கறுப்பர். போர்ச்சுக்கீசியர்கள் ஊரை விட்டு ஓடும்போது தங்கத்தை மதிலுக்குள் புதைத்து, அதற்குக் காவலாகத் தங்கள் கறுப்பு அடிமைகளையும் சேர்த்து உயிரோடு வைத்துக் கட்டிவிட்டுப் போனார்களாம். அப்படிச் செத்தவர்தான் முத்தப்பன். வழி தப்பியவர்களுக்கு வழி காட்டுவார், தொலைந்த பொருளைத் திருப்பித் தருவார் என்று ஊரே நம்பியது.

என் அப்பா மிளகும் சுக்கும் பேசி முடிக்கிற தரகர். செவ்வாய்க்கிழமை தவறாமல் அந்த மதிலுக்கு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுத்தான் பஜாருக்குப் போவார். போலீஸ்காரரைக் கண்டால்கூட இறக்கிவிடாத மடித்துக் கட்டிய வேட்டியை, அந்த மதில் முன்னால் மட்டும் அவிழ்த்துக் கணுக்கால் வரை விட்டு, கும்பிடுவார். வாக்கு மாறாத மனிதர் என்று பஜாரில் அவருக்குப் பெயர்.

அவருடைய ஒரே தங்கை, எங்கள் அத்தை, நர்ஸ் வேலைக்கு ஆப்பிரிக்கா போனாள். அங்கே ஒரு பள்ளிக்கூட வாத்தியாரைக் கல்யாணம் செய்துகொண்டாள். அவர் ஒரு லாரி விபத்தில் போய்ச் சேர்ந்ததும், பெண்குழந்தையோடு மட்டாஞ்சேரிக்கே திரும்பி வந்தாள். அந்தப் பெண்ணுக்கு அத்தையின் மூக்கு, அத்தையின் சிரிப்பு. நிறமும் சுருட்டை முடியும் அவள் அப்பாவுடையவை. சீப்பு நுழையாத அந்த முடியில் விரலை விட்டுப் பார்க்க எனக்கு அத்தனை ஆசை. அவள் தலையைக் குனிந்து காட்டுவாள்.

எங்கள் முன்னோர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். எத்தனை தலைமுறை கேரளத்துத் தண்ணீர் குடித்தாலும் முறை மட்டும் மாறவில்லை. அத்தை மகள் என்னைவிட மூத்தவள் என்றால் எனக்கு மதினி. என் அண்ணனுக்கு முறைப்பெண். ஆனால் நான் ஒரு நாள் அவளை மதினி என்று கூப்பிட்டதும் அம்மாவுக்கு வந்ததே கோபம்! "மதினி கிதினின்னு நாவு எடுத்தியோ, பாத்துக்கோ! சேச்சின்னு விளிச்சாப் போதும்." பக்கத்து வீட்டு மலையாளிப் பெண்களைக் கூப்பிடுகிற வார்த்தை அது. மதினி என்று கூப்பிட்டால் அண்ணனுக்கு அவள் மேல் உரிமை வந்துவிடும், அவளுக்கு எங்கள் வீட்டின் மேல் உரிமை வந்துவிடும். ரத்த சொந்தத்தை ஒரே வார்த்தையில் தெருவுக்குத் தள்ளிவிட்டாள் அம்மா. அப்பா செய்தித்தாளை விட்டுத் தலையைத் தூக்கவேயில்லை.

தெருப் பையன்கள் அவளைக் "கப்பிரிச்சி" என்பார்கள். ஒருமுறை அப்பாவுக்குப் பின்னால் நாங்கள் இருவரும் நடந்து போகும்போதே கத்தினார்கள். எனக்குக் கேட்டது, மீன்காரிக்குக் கேட்டது. அப்பாவுக்கு மட்டும் கேட்கவில்லை. மதில் வந்ததும் வேட்டியை அவிழ்த்துவிட்டுக் கும்பிட்டார். படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில் என்பது இதுதான்.

இதைவிடக் கொடுமை ஒன்று நடந்தது. யூதர்கள் தெருவான ஜூ டவுன் பக்கத்தில் ஒரு முதலாளி புதுக் கிடங்கு திறந்தார். அத்தை மகளின் கால் முதலில் பட்டால் முத்தப்பனே வந்து காவல் நிற்பது போல என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. அப்பாவிடம் கேட்டார். எந்த விசேஷத்துக்கும் அவளை அழைத்துப் போகாத அப்பா, அன்று ஆட்டோ பிடித்து, மல்லிகைப்பூ வாங்கிக் கொடுத்து அழைத்துப் போனார். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஏக சந்தோஷம். சாயங்காலம் திரும்பி வந்தவள் பூவைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். "மாமா என்னைத் தங்கச்சி மகள்னு சொல்லுவாருன்னு நினைச்சேன். முத்தப்பன்றெ குட்டின்னு எல்லாரும் பறஞ்சாங்க. மாமாவும் சிரிச்சார்." அவளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். தங்கச்சி மகள் என்ற ஒரு சொல்லை நாலு பேர் முன்னால் மாமன் வாயிலிருந்து கேட்க வேண்டும். அதற்காகவே அவள் எங்கள் வீட்டுப் படியை மறுபடியும் மறுபடியும் ஏறினாள்.

அண்ணனுக்குப் பாலக்காட்டில் பெண் பார்த்தார்கள். கல்யாணத்துக்கு, விதவை முன்னால் வரக்கூடாது என்று அத்தை வரவில்லை. மகளை மட்டும் அனுப்பினாள். நீலப் பட்டுப்பாவாடையும் தாவணியும் உடுத்து, வாசலில் பன்னீரும் சந்தனமும் வைத்த தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாமன் வீட்டுக் கல்யாணத்தில் முறைப்பெண் நிற்க வேண்டிய இடம்தான் அது. யாரும் அவளை அங்கே நிறுத்தவில்லை, தானாகவே போய் நின்றாள். பெண் வீட்டுப் பெரியவர் ஒருவர் சந்தனத்தை எடுக்காமல் அப்பாவைப் பார்த்தார். "இந்தக் குட்டி யாராக்கும்?"

அப்பா தொண்டையைச் செருமினார். "அது... தங்கச்சி வீட்டுல வேலைக்கு நிக்கற குட்டி."

நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். அவள் தட்டைக் கீழே போடவில்லை, அழவில்லை. வந்தவர்கள் எல்லோருக்கும் சந்தனம் கொடுத்து முடித்தாள். தட்டைக் கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைத்தாள், வேலைக்காரி செய்வது போலவே. பந்தியில் அவளைத் தேடினேன், காணோம். அதன் பிறகு அவள் எங்கள் வீட்டுக்கு வரவேயில்லை. அத்தையும் வரவில்லை. அடுத்த தெருதான், கூப்பிட்டால் கேட்கும் தூரம். இருந்தும் வருஷங்கள் அப்படியே போயின.

அத்தை மழைக்காலத்தில் இறந்தாள். எங்கள் வழக்கத்தில் ஒரு பெண் செத்தால் பிறந்த வீட்டிலிருந்து புதுச் சேலை வர வேண்டும். கோடி என்போம். கூடப் பிறந்தவன் கொண்டுவர, பெற்ற பிள்ளை வாங்கி உடம்பில் போர்த்தினால்தான் பாடை எழும். அப்பா கோடிச் சேலையைத் தாம்பாளத்தில் வைத்து மழையில் நனைந்துகொண்டே போனார். நானும் போனேன். முற்றம் நிறைய ஆட்கள். அப்பா தாம்பாளத்தை அவளிடம் நீட்டினார்.

அவள் கையை நீட்டவில்லை. "கோடியை வீட்டு ஆளுங்க கையிலதான் குடுக்கணும், மாமா. நான் வேலைக்கு நிக்கற குட்டியாச்சே."

யாரோ ஒரு கிழவர், "பொறந்த வீட்டுக் கோடி இல்லாம எடுக்கப்படாதம்மா" என்றார். அவள் உள்ளே போய்ப் பெட்டியிலிருந்து ஒரு துணியை எடுத்து வந்தாள். மஞ்சளும் சிவப்பும் பெரிய பெரிய பூவாக அச்சடித்த துணி. அவள் அப்பா ஊர்த் துணி. அதை அத்தையின் மேல் கழுத்துவரை போர்த்தி ஓரங்களை நீவிவிட்டாள். பாடை எழுந்தது. அப்பா தாம்பாளத்தோடு அப்படியே நின்றார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இல்லை. இப்போதும் இல்லை.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் அப்பா மதில் முன்னால் நின்றார். வேட்டியை அவிழ்த்துவிட்டார். அந்தச் சேலையை மெழுகுவர்த்திக்கு அடியில் வைத்தார். "பொறுத்துக்கணும், முத்தப்பா, பொறுத்துக்கணும்" என்று விம்மி விம்மி அழுதார். அவ்வளவு அழுது நான் அவரைப் பார்த்ததில்லை. தங்கச்சி மகள் என்று ஒரு தடவை சொல்லியிருந்தால் போதும். உயிரோடிருந்த பெண்ணை விட்டுவிட்டுச் சுவரிடம் மன்னிப்புக் கேட்டார். மறுநாள் காலையில் சேலையைக் காணோம். முத்தப்பன் ஏற்றுக்கொண்டார் என்று சொல்லி அப்பா நிம்மதியாகச் சாயா குடித்தார்.

அவளும் நர்ஸ் ஆனாள். தன் அப்பாவின் ஊருக்கே வேலைக்குப் போனாள். "இங்க என்னை இந்தியாக்காரிங்கறாங்க" என்று ஒருமுறை போனில் சொன்னாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், ஆனால் சிரிப்பு நடுவில் நின்றுவிட்டது. அப்பா செத்த செய்தியை நான்தான் சொன்னேன். "அப்படியா" என்றாள்.

இப்போது நான் நகரத்தின் மறுபக்கம் கலூரில் இருக்கிறேன். போன வாரம் ஒரு வேலையாக மட்டாஞ்சேரி போனபோது மதிலடியில் நின்று அவளைப் போனில் கூப்பிட்டேன். "மதினி" என்றேன்.

"எங்க நிக்கறே?"

"முத்தப்பன் மதில்கிட்ட."

"மெழுகுவர்த்தி எரியுதா?"

"எரியுது. முட்டையும் வச்சிருக்காங்க."

"வைக்கட்டும். அவரு மதிலுக்குள்ளயே இருந்துட்டாரு. வந்து பந்தியில இடம் கேக்கலியே."

பக்கத்தில் ஒருவர் பைக்கை நிறுத்திவிட்டு வந்தார். மடித்துக் கட்டியிருந்த வேட்டியை அவிழ்த்துக் கணுக்கால் வரை விட்டு, கண்ணை மூடிக் கும்பிட்டார்.