கழுவாத கண்ணாடி

தெருவில் அவளுக்குப் பல்லுக்காரி என்று பெயர். பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சுகளை வைத்துப் பொய்ப்பல் செய்து கொடுப்பது அவள் வேலை. எதிரே வருகிறவர்கள் அவளைப் பார்த்தால் உதட்டை மூடிக்கொண்டுதான் சிரிப்பார்கள். வாயைத் திறந்தால் குறை கண்டுபிடித்துவிடுவாளோ என்ற பயம்.

சுத்தம் அவளுக்குத் தொழிலோடு ஒட்டிக்கொண்ட நோய். "சோப்பையே சோப்புப் போட்டுக் கழுவுற ஆளு," என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அவள் கணவன் சொல்வான்.

தங்கை இறந்த மறுவருடம் ஒரு பழைய மின்சூளையை வாங்கித் துணி துவைக்கும் அறையில் வைத்தாள். கண்ணாடித் துண்டுகளை அடுக்கி உருக்கி ஒட்டவைப்பாள். அச்சின் மேல் வைத்துத் தட்டாக வளைப்பாள். பாதிக்கு மேல் வீணாய்ப் போயின. ஒருமுறை ஜன்னல் கண்ணாடியோடு பாட்டில் கண்ணாடியைச் சேர்த்துப் பார்த்தாள். அழகாகத்தான் வந்தது. மூன்றாம் நாள் மத்தியானம், அலமாரியில் யாரும் தொடாமல் இருந்தபோது, 'டிக்' என்று விரிசல் விட்டது. ஆறும்போது இரண்டும் ஒரே அளவில் சுருங்கவில்லை.

"ஆள் இருக்கிற மாதிரி சத்தம்," என்றாள் அம்மா. அதற்குப் பிறகு அவள் அந்த அலமாரிப் பக்கமே போகவில்லை.

அம்மா போகாத இடம் இன்னொன்றும் இருந்தது. தங்கையின் அறை. கடைசி எட்டு மாதமும் தங்கை அங்கே கட்டிலில் உட்கார்ந்து, காய்ச்சலுக்கு இதமாக ஜன்னல் கண்ணாடியில் உள்ளங்கையைப் பதித்தபடி தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் போனதும் அம்மா அறையைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டாள். சின்னவள் பேச்சை யாராவது எடுத்தால் எழுந்து போய்விடுவாள்.

இந்த வருட மழைக்கு அந்த ஜன்னல் சட்டம் உளுத்துப்போனது. தச்சர் கழற்றியபோது, நோட்டுப் புத்தக அளவிலான நான்கு கண்ணாடிகளையும் அவள் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

முதல் கண்ணாடியை வழக்கம்போல் கழுவிச் சூளையில் வைத்தாள். பளிங்கு மாதிரி வந்தது. அதில் யாருமே இல்லை. இரண்டாவது ஆறுவதற்குள் அவசரப்பட்டு மூடியைத் திறந்ததில், குறுக்கே பிளந்தது. மூன்றாவதன் மூலையில் மட்டும் துணி படவில்லை போலும். வெளியே எடுத்தபோது அங்கே இரண்டு விரல்நுனிகள் பால் நிறத்தில் பூத்திருந்தன.

விரல் பிசுக்கு தங்கிவிட்டால் சூட்டில் வெள்ளையாகப் படிந்துவிடும், பிறகு தேய்த்தாலும் போகாது. கண்ணாடியைக் கழுவுவதே அதற்காகத்தான். இதெல்லாம் அவளுக்குத் தெரிந்ததுதான். ஆனால் இது யாருடைய விரல்? அவள் கையுறை இல்லாமல் கண்ணாடியைத் தொடுவதில்லை. தச்சரும் ஓரத்தைத்தான் பிடித்தார். அப்படியானால் மூன்று கண்ணாடியிலிருந்தும் தங்கையை அவளே கழுவி விட்டிருக்கிறாள்.

அன்று அவள் சாப்பிடவில்லை.

மிச்சம் இருந்தது ஒன்று. கட்டிலில் உட்கார்ந்தால் கை எட்டுகிற உயரத்தில் இருந்த கண்ணாடி அது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். தூசிதான் தெரிந்தது. கழுவாமல் வைத்தால் தூசியும் சேர்ந்து வெந்து மொத்தமும் மங்கிப்போகலாம். வெடித்தாலும் வெடிக்கும்.

"அப்படியே எடுத்து வச்சுக்கயேன்," என்றான் கணவன்.

"இருந்தா என்னிக்காவது நானே துடைச்சிடுவேங்க. என்னைப் பத்தித் தெரியாதா?"

அவன் சிரிக்கவில்லை.

தூரிகையால் தூசியை மட்டும் தட்டிவிட்டுச் சூளையில் வைத்துச் சூடேற்றினாள். மறுநாள் மத்தியானம் வரைக்கும் மூடியில் கை வைக்கவில்லை.

திறந்தபோது நடுவில் ஒரு கை இருந்தது. ஐந்து விரலும் உள்ளங்கை மேடும் வெள்ளையாக, யாரோ அந்தப் பக்கத்திலிருந்து அழுத்திக்கொண்டிருப்பதுபோல.

பல் அச்சைப் பார்த்தே ஆளைச் சொல்கிறவள் அவள். மோதிர விரலின் அடியில் ஒரு பட்டை மட்டும் வெறுமையாக இருந்ததைக் கண்டாள். மோதிரம் போட்ட கை. தங்கை மோதிரமே போட்டதில்லை.

திரும்பினால் அம்மா நின்றுகொண்டிருந்தாள், விரலில் மோதிரத்தோடு.

"அந்த ரூமுக்கு நீ போறதே இல்லன்னு நெனச்சேனேம்மா."

"நீங்க வேலைக்குப் போனப்புறம் போவேன்."

"எப்பல்லாம்?"

"தினமும்தான். அவ கை வச்ச எடத்துலயே வைப்பேன். சில்லுனு இருக்கும்."

"அப்ப நீயே அவளை அழிச்சிட்ட," என்று வாயிலிருந்து வந்துவிட்டது. சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அம்மா கிட்டே வந்தாள். குனிந்து சூளைக்குள் கையை நீட்டிக் கண்ணாடியின் மேல் வைத்தாள். அச்சு அசலாகப் பொருந்தியது. வெறும் பட்டையின் மேல் மோதிரம் போய் உட்கார்ந்தது. எல்லா வெள்ளையும் அம்மாவின் கைக்கடியில் மறைந்துவிட்டது.

ஒன்று மட்டும் மறையவில்லை. கட்டைவிரலுக்கு வெளியே, சிறியதாக, ஒரு விரல்நுனி.

அம்மா விரல்களை விரித்துப் பார்த்தாள், சேர்த்துப் பார்த்தாள். எப்படி வைத்தாலும் அது வெளியேதான் நின்றது.

"சுடுதாம்மா?"

"லேசா." அம்மா கையை எடுக்கவில்லை. "கொஞ்சம் தள்ளி உக்காந்திருக்கா, பாரேன்."